சூடேறினா மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங், கோடு பி0203: இன்ஜெக்டரா, வயரிங்கா?

முதுநகர்_லோடு:
4 சிலிண்டர் காமன் ரெயில் (ஒரே குழாய்லருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் அழுத்தத்துல டீசல் போற) வண்டி, கடலூர் துறைமுகத்துல மீன் லோடு ஓடுது. காலைல நல்லாத்தான் இருக்கு. சூடேறினதும் மிஸ்ஸிங், இழுவை இல்ல. ஸ்கேனர்ல பி0203 (மூணாவது இன்ஜெக்டர் சர்க்யூட் கோளாறு), அழிச்சாலும் திரும்ப வருது. இன்ஜெக்டரையே மாத்தச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி என்ன பாக்கணும் அண்ணே?

டீசல்_செட்:
அவசரப்படாதீங்க தம்பி. இன்ஜெக்டர் காயில், கப்ளர் (வயரைச் சொருகுற பிளக்), வயர், இசிஎம் (இன்ஜினோட கம்ப்யூட்டர்) எது போனாலும் இதே கோடுதான் வரும். இன்ஜின் ஓடும்போது கப்ளர்ல கை வைக்காதீங்க, 65 வோல்ட்டுக்கு மேல பாயும். சாவி ஆஃப் பண்ணி, சூட்டோடவே கப்ளரைக் கழட்டி இன்ஜெக்டர் பின் ரெண்டுக்கும் நடுவுல ஓம் பாருங்க. ஆறிட்டா குறை ஒளிஞ்சுக்கும். சோலினாய்டு (காயில் காந்தத்துல திறக்குற) வகைன்னா பெரும்பாலும் 0.2லருந்து 0.6 ஓம். மீட்டர் குச்சி ரெண்டையும் ஒட்ட வச்சா வர்ற அளவைக் கழிச்சுடுங்க, அதுவே 0.3 இருக்கும். மத்த மூணோட ஒப்பிட்டுப் பாருங்க. பியெசோ (காயிலுக்குப் பதிலா படிகம் இருக்கிற) வகைன்னா 150 கிலோ ஓமுக்கு மேல காட்டும். எந்த வகையானாலும் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

பேட்டரி 12 வோல்ட்டை நேரா கொடுத்து 'டக்' சத்தம் கேக்கவே கேக்காதீங்க. 0.4 ஓம் காயில்ல 30 ஆம்பியர் ஏறி கருகிடும்.

புதுவை_வயரிங்:
மீன் வண்டின்னா என் சந்தேகம் முதல்ல கப்ளர், வயர் மேலதான். உப்புத்தண்ணி, கடல் காத்து ரெண்டும் சேர்ந்து பின்ல பச்சை பூத்திருக்கும், தோலுக்குள்ள செம்பு கறுத்திருக்கும். ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்லதுன்னுதான் சொல்லும். அதனால இசிஎம் பக்கமும் இன்ஜெக்டர் பக்கமும் கப்ளரைக் கழட்டிட்டு, ஒவ்வொரு வயர் வழியாவும் 21 வாட் பல்பை எரிய விட்டு வயரை ஆட்டுங்க. மங்கினா அந்த வயர்தான். பிராக்கெட்ல உரசுற இடத்தை நல்லா பாருங்க.

கறுத்த செம்புல சால்டர் பிடிக்காது, பளபளன்னு வர்ற வரைக்கும் வெட்டிடுங்க. ரெண்டு ஜாயின்டும் எதிரெதிரா வராம 4 செ.மீ. தள்ளிப் போட்டு, பசை வச்ச ஹீட் ஸ்லீவ் ஏத்துங்க. ஜோடி வயரோட முறுக்கு கலையக் கூடாது. கப்ளர் சீல் வெடிச்சிருந்தா புதுசு போடுங்க, இல்லன்னா திரும்பப் பூக்கும்.

முதுநகர்_லோடு:
வயர் சரியா இருந்தா, இன்ஜெக்டரை இடம் மாத்திப் பாக்கலாமா?

டீசல்_செட்:
தாராளமா. 1, 3 ரெண்டையும் இடம் மாத்துங்க. வெறும் கப்ளரை மட்டும் மாத்தினா தப்பான நேரத்துல டீசல் அடிக்கும், அது வேணாம். காப்பர் வாஷர் புதுசு போட்டு, இன்ஜெக்டர் மேல பொறிச்சிருக்கிற கரெக்‌ஷன் நம்பரை (ஒவ்வொரு இன்ஜெக்டரோட டீசல் அளவைத் திருத்துற கோடு) ஸ்கேனர்ல புது இடத்துக்கு எழுதிடுங்க. கோடு பி0201 (முதல் சிலிண்டர்) ஆச்சுன்னா இன்ஜெக்டர்தான் குறை. பி0203லயே நின்னா இசிஎம் உள்ள இன்ஜெக்டரை இயக்குற டிரைவர் சர்க்யூட்டைப் பாக்கணும்.