ஃபில்டரைக் கழுவிய மூன்றாம் நாளே தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது

கேள்வி (ஏஞ்சல்வீடு, சென்னை):
வணக்கம். 3 அடி மீன் தொட்டி, சுமார் 150 லிட்டர், ஏஞ்சல் மீன் 5, கோரி (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி) 6 இருக்கின்றன. தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேன் மாதிரியான கேனிஸ்டர் ஃபில்டரை எட்டு மாதமாகத் திறக்கவில்லை, தண்ணீர் வரும் வேகம் பாதியாகிவிட்டதால் போன ஞாயிறு கழற்றினேன். உள்ளே காப்பிப்பொடியைக் குழைத்தது போலச் சேறு. ஸ்பான்ஞ்ச், செராமிக் வளையம் எல்லாவற்றையும் சமையலறைக் குழாயடியில் மெட்ரோ தண்ணீரில் வெள்ளையாகும்வரை அலசி, பஞ்சையும் புதிதாக மாற்றினேன். புதன் காலையிலிருந்து தண்ணீர் கலங்கி வெள்ளையாக இருக்கிறது, ஏஞ்சல்கள் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மோட்டாரில் கடகடவென்று சத்தம், மூடி ஓரத்தில் கசிவு வேறு. எதை முதலில் பார்ப்பது?

பதில் (பழையதொட்டி):
தம்பி, மோட்டாரை அப்புறம் பார்க்கலாம், முதலில் மீன். இன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றவும். ஏர் பம்ப் இருந்தால் போட்டுவிடுங்கள், தீனி இரண்டு நாள் வேண்டாம். கையில் அம்மோனியா டெஸ்ட் கிட் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் சேறு என்று கழுவிவிட்டதோடு ஃபில்டரின் உயிரும் போய்விட்டது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா குடியிருப்பது அந்தச் செராமிக் வளையங்களிலும் ஸ்பான்ஞ்சிலும்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுவதே கிருமியைக் கொல்ல, அதற்கு நல்லது கெட்டது தெரியாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே பக்கெட்டில் வைத்து, ஸ்பான்ஞ்சை நாலு முறை பிழிந்தால் போதும், பழுப்பு நிறம் கொஞ்சம் இருக்கட்டும். வளையங்களை அதே தண்ணீரில் முக்கி ஒரு குலுக்கு, அவ்வளவுதான். பஞ்சை மாற்றும் நாளில் வளையத்தைத் தொடவே கூடாது.

ஏஞ்சல்வீடு:
நன்றி அண்ணா. அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டுகிறது, பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 8. தண்ணீர் மாற்றிவிட்டேன், ஏர் பம்ப் ஓடுகிறது.

பழையதொட்டி:
பிஎச் 8 என்றால் அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடும், அதனால் தினமும் சோதித்து, 0.25-ஐத் தாண்டினால் தண்ணீர் மாற்றுங்கள். நண்பர் யாரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவர் ஸ்பான்ஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் வாங்கிவந்து உங்கள் ஃபில்டருக்குள் இருக்கும் தட்டில் வையுங்கள். நான் இப்படித்தான் ஒருமுறை ஒரு வாரத்தில் மீண்டேன், வெறுமனே காத்திருந்தால் பல வாரம் ஆகும்.

பதில் (கொளத்தூர்பக்கம்):
சத்தத்துக்கு வருகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இம்பெல்லரை (மோட்டாரில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரம்) வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் ஒரு மணல் துகள் மாட்டியிருந்தாலே கடகடக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் அந்தக் குழியைச் சுற்றித் துடைத்தால் கறுப்பு வழுவழுப்பு வரும், அதையும் எடுத்துவிடுங்கள். நடுவில் உள்ள செராமிக் தண்டு மட்டும் கண்ணாடி மாதிரி, வளைத்தால் ஒடிந்துவிடும், விரலால் நேராக மேலே இழுக்கவும். போர் தண்ணீர்க்காரர்களுக்கு அந்தத் தண்டில் வெள்ளையாக உப்புப் படியும், வினிகரில் அரைமணி ஊறவைத்து நன்றாக அலசினால் போகும். எதுவும் இல்லையென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, ஓடும்போதே கேனை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்தால் குமிழியாக வெளியேறும்.

கசிவுக்குப் பெரும்பாலும் மூடி ஓரத்தில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங்தான் காரணம். வெளியே எடுத்து விரல் நுனியால் தடவிக்கொண்டே வாருங்கள். ஒரு முடி, ஒரு சின்னக் கல் இருந்தாலும் சொட்டும். பள்ளத்தையும் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெலிதாகப் பூசி முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். வாசலின் பூசாதீர்கள், சில ரப்பர் ஊதிவிடும். மூடியபின் கேனுக்கு அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் சொல்லிவிடும்.

ஏஞ்சல்வீடு:
ஓ-ரிங்கில் ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்தது அண்ணா! எடுத்ததும் கசிவு நின்றுவிட்டது. தண்டுக்கு அடியில் இரண்டு மணல், சத்தமும் இல்லை. அம்மோனியா இன்று 0.5. இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறக்கட்டும்?

கொளத்தூர்பக்கம்:
மாதக் கணக்கை விட ஓட்டத்தைக் கவனியுங்கள். இன்று ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறதென்று குறித்துவையுங்கள், அது ஒன்றரை மடங்கானால் திறக்கலாம். உறிஞ்சு குழாய் வாயில் ஒரு ஸ்பான்ஞ்ச் மாட்டி, அதை வாராவாரம் பிழிந்தால் கேனைத் திறக்கும் வேலை பாதி குறையும். அப்போதும் ஓட்டம் மந்தமாக இருந்தால் ஹோஸ் உள்ளே பாசி, நீளக் கம்பி பிரஷ் விட்டுத் தேய்க்கவும்.

பழையதொட்டி:
ஒன்று விட்டுப்போனது. கரன்ட் போய் சில மணிநேரம் வராவிட்டால் மூடிய கேனுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்தக் கெட்ட தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் போகும். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், கேன் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீர் நிரப்பி அப்புறம் ஓட்டுங்கள். நாளைக்கும் அம்மோனியா அளவைப் போடுங்கள் தம்பி, பார்க்கிறேன்.