சங்கத்துப் பேப்பர் எல்லாம் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வியாசர்பாடியிலிருந்து:

எங்களுடையது சின்ன கேரம் கிளப். பக்கத்திலேயே நாலு பெஞ்சு போட்ட படிப்பகம். 1975-ம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் முறையாகப் பதிவு செய்ததுதான். பொருளாளராக இருந்த அண்ணன் போன ஆடியில் தவறிவிட்டார். செக்கில் கையெழுத்துப் போடும் ஆளை மாற்றப் போனால், வங்கியில் தீர்மான நகல், சங்க விதிமுறைகளான பைலா, பதிவுச் சான்றிதழ், பதிவாளரிடம் கொடுத்த படிவம் 7 என்று வரிசையாகக் கேட்டார்கள். செயற்குழுவில் ஆள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்கிற தாள் அது என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். எட்டு வருடமாக யாரும் கொடுக்கவில்லை.

பேப்பர் மொத்தமும் அண்ணன் வீட்டில். அண்ணி பரணிலிருந்து ஒரு ரெக்ஸின் பையை இறக்கித் தந்தார். ரப்பர் பேண்டு உருகி ரசீதுப் புத்தகத்தோடு ஒட்டியிருந்தது. உரித்தால் அடிக்கட்டையின் எழுத்தும் சேர்ந்து வந்தது. போர்டு, காயின், பவுடர் வாங்கிய பில்களைத் தேதிவாரியாகக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார் மனுஷன். அத்தனையும் இப்போது வெள்ளைத்தாள். மெஷினில் வருகிற வழவழப்பான பில் இல்லையா, பரணில் கிடந்த சூட்டுக்கு எழுத்து மொத்தமும் போய்விட்டது. கூட்டக் குறிப்பு எழுதுகிற மினிட் புத்தகத்தை மட்டும் காணோம். உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

கோட்டூர்புரத்திலிருந்து:

உங்களுக்குச் சூடு, எங்களுக்குத் தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு உள்ளே வந்தபோது எங்கள் சங்க அறை தரைத்தளத்தில் இருந்தது. பீரோ இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். பீரோவுக்குள்ளும் தண்ணீர் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் பேனாவின் அருமை தெரிந்தது. பழைய செயலாளர் ஒருவர் மை பேனாவில் முத்து முத்தாக எழுதிய நடவடிக்கைக் குறிப்புகள் நீலக் கறையாகிவிட்டன. அவருக்குப் பின்னால் வந்தவர் பால்பாயிண்டில் கோழி கிறுக்கின மாதிரி எழுதியது ஓர் எழுத்துகூடப் போகாமல் நின்றது. இங்க்ஜெட்டில் அடித்த உறுப்பினர் பட்டியல் கரைந்தது, ஜெராக்ஸ் எடுத்தது தப்பித்தது. வெயிலில் காயவைக்க வேண்டாம், தாள் முறுக்கிக்கொள்ளும் என்றார் ஒரு நண்பர். நாலைந்து தாளுக்கு ஒரு நியூஸ்பேப்பர் சொருகி, மின்சாரம் வந்த பிறகு ஃபேனுக்கடியில் பரப்பி, பேப்பர் மாற்றி மாற்றி ஒரு வாரம் ஓட்டினோம். பொன்விழா மலர் மட்டும் பளபளப்புத் தாள், செங்கல் மாதிரி ஒரே கட்டியாகிவிட்டது. கடைசி வரை பிரிக்க முடியவில்லை.

இப்போது எல்லாம் இரண்டாவது மாடியில்.

மயிலாப்பூரிலிருந்து:

நாங்கள் படிப்பு உதவித்தொகை தருகிற சிறிய அறக்கட்டளை. ‘எட்டு வருடம் வைத்தால் போதும்’ என்று எங்கள் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்வார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் கணக்கு அது. எங்களைப் போல் வரிவிலக்கு வாங்கியவர்களுக்காக 2022 ஆகஸ்டில் வருமான வரி விதிகளில் 17ஏஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கணக்குப் புத்தகம், வவுச்சர் எல்லாம் 10 வருடம். அதுவும் செலவு செய்த வருடத்திலிருந்து இல்லை, அதற்கு அடுத்த வருடமான மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து. 2022-23 கணக்கென்றால் 2034 மார்ச் வரை. ஆடிட்டர் விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் நம்பினார். அதற்குள் இரண்டு மூட்டை பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தது, கிலோ கணக்கில்.

இது கணக்குக்கு மட்டும். பைலா, பதிவுச் சான்றிதழ், மினிட் புத்தகம் இதற்கெல்லாம் காலமே கிடையாது, சங்கம் இருக்கும்வரை இருக்க வேண்டும்.

சைதாப்பேட்டையிலிருந்து:

எல்லாரும் வைத்துக்கொள்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறு கதை சொல்கிறேன். எங்கள் நலச்சங்கத்தில் உறுப்பினராகச் சேர ஆதார் நகல் வாங்குவோம். எதற்கென்று யாரும் கேட்டதில்லை, யாரோ ஆரம்பித்தார்கள், அப்படியே போயிற்று. ஒரு நாள் டீக்கடையில் பஜ்ஜி வாங்கினேன். எண்ணெய் ஊறிய தாளைத் திருப்பினால் எங்கள் மூன்றாவது தெரு மாமியின் முகம்! அலமாரியை ஒழித்தவர் அப்படியே எடைக்குப் போட்டிருக்கிறார். மாமியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அன்றோடு ஆதார் வாங்குவதை நிறுத்திவிட்டோம். பெயர், கதவு எண், போன், சந்தா இவ்வளவு போதும். மீதி நகல்களை நாங்களே உட்கார்ந்து கிழித்து ஊறவைத்தோம்.

அப்புறம் கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டோம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: யாருடைய கணக்கில்? எங்கள் முன்னாள் செயலாளர் தன் சொந்த மெயிலில் ஏற்றிவிட்டு மகனோடு டல்லாஸ் போய்விட்டார். பாஸ்வேர்டு அவருக்கே மறந்துவிட்டது.

வியாசர்பாடியிலிருந்து, மறுபடியும்:

மினிட் புத்தகம் கிடைத்துவிட்டது! கிளப்பிலேயே, ஆடும் கேரம் போர்டு ஒன்றுக்கு அடியில். ஸ்டாண்டின் ஒரு கால் குட்டையாம், யாரோ முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதன் மேல் எத்தனை வருடம் விளையாடினோமோ.

விட்டுப்போன வருடங்களுக்குப் பின்தேதி போட்டு எழுதிவிடலாம் என்றான் ஒருவன். வேண்டாம் என்று சொல்லி, இப்போது பொதுக்குழுவைக் கூட்டி, இன்றைய தேதியில் உள்ளதை உள்ளபடி எழுதித் தீர்மானம் போட்டோம். பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று நடை. வங்கிக் கையெழுத்து போன வாரம் மாறியது.

பையைத் திருப்பித் தரப் போனபோது அண்ணி ஒரு கேள்வி கேட்டார். “எத்தினி புக்கு எடுத்துனு போனீங்கன்னு எழுதிக் குடுத்தீங்களாடா? அவர் இருந்தா உட்டுருப்பாரா?” பாக்கெட்டில் பேப்பர் இல்லை. அந்த வெற்றுப் பில் ஒன்றின் பின்பக்கத்திலேயே, ரசீதுப் புத்தகம் 11, சான்றிதழ் 1, பைலா 1 என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டோம். பால்பாயிண்டில்.