ஸ்டீபன் ஐவரைப் படம் பிடிக்க முடியவில்லை, யாராவது கை கொடுங்கள்

வணக்கம். கார்த்திகை மழைக்கு நடுவே ஒரு இரவு வானம் திறந்தது. அமாவாசையை ஒட்டிய நாள் வேறு. விடுவேனா? டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய்விட்டேன்.

குறி, பெகாசஸ் மண்டலத்தில் இருக்கும் ஸ்டீபன் ஐவர். 1877-இல் மார்செய் நகரில் எடுவார் ஸ்டீபன் கண்டுபிடித்த, ஐந்து விண்மீன் திரள்கள் (கேலக்ஸிகள்) கொண்ட கூட்டம். அதில் என்ஜிசி 7320 என்ற திரள் மட்டும் சுமார் 4 கோடி ஒளியாண்டு தொலைவு. மற்ற நான்கும் 29 கோடி. 7320-உம் அந்த நான்கோடு நெருங்கி நிற்பதுபோல் தெரிவது வெறும் பார்வைக்கோணம்தான்.

என்னிடம் இருப்பது 8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த டெலஸ்கோப்), குவிதூரம் 1000 மி.மீ., ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா. 6000 பிக்சல் அகலப் படத்தில் ஐந்தும் சேர்ந்தே 300 பிக்சல்தான் வருகிறது. அரிசியில் எறும்பு தேடுவதுபோல! அதனால் விண்மீன் கொஞ்சம் இழுபட்டாலும் எல்லாம் குழம்பிவிடுகிறது.

இழுபடுவதுதான் சிக்கலே. கைடிங் (ஒரு விண்மீனைப் பார்த்தபடியே டெலஸ்கோப்பை வானத்தோடு நகர்த்துவது) வரைபடம் அழகாக, நேர்கோடு மாதிரி ஓடுகிறது. ஆனால் 3 நிமிடப் படங்களில் விண்மீன்கள் முட்டை வடிவம், எல்லாம் ஒரே திசையில். முதல் படத்தையும் 2 மணி நேரம் கழித்து எடுத்த கடைசிப் படத்தையும் ஒப்பிட்டால் 40 பிக்சல் நகர்ந்திருக்கிறது. கைட் ஸ்கோப் (கைடிங்குக்காகப் பக்கத்தில் பொருத்திய சின்ன டெலஸ்கோப்) வளைகிறதா, முதன்மைக் கண்ணாடி மெல்ல நகர்கிறதா? துருவ ஒழுங்கை (டெலஸ்கோப் தாங்கியின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பதை) இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.

ஆஃப் ஆக்சிஸ் கைடர் (முதன்மை டெலஸ்கோப்பின் ஒளியிலேயே கொஞ்சம் எடுத்து கைடிங் செய்யும் கருவி) வாங்கினால் தீருமா? அல்லது செலவில்லாமல், 1 நிமிடப் படங்களாக நிறைய எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலே அந்தத் திரள்களின் மங்கலான கைகள் வெளிவருமா? நியூட்டோனியன் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். கேட்டால் மூலப் படங்களை அனுப்புகிறேன்.