ஆலி மெக்காய்ஸ்ட்: கீழ்நிலை லீக்கில் அவர் வென்றாரா, வீணடித்தாரா?

செந்தூரன்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கால்பந்துக் கழகமான ரேஞ்சர்ஸ் அணிக்காக 355 கோல்களும், 1992, 1993 ஆகிய இரு ஆண்டுகளில் தொடர்ந்து, ஐரோப்பிய லீக்குகளில் முன்னணிக் கோலடிப்பாளருக்கான ஐரோப்பியத் தங்கக் காலணியும் பெற்ற ஒரு முன்கள வீரரின் ஆட்டத்திறனை யாரும் மறுக்கப்போவதில்லை. 1993 ஏப்ரலில் லிஸ்பனில் ஸ்காட்லாந்துக்காக ஆடியபோது கால் முறிந்தவர், அதே ஆண்டு அக்டோபரில் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, ஹிப்ஸ் அணிக்கு எதிராகத் தலைக்கு மேலாகக் காலைச் சுழற்றி வெற்றிக் கோலை அடித்தார் என்பதும் நமக்குத் தெரியும். நான் கேட்பது மேலாளர் மெக்காய்ஸ்ட்டைப் பற்றி. 2012 முதல் 2014 வரை, கழகம் கடனில் நொடித்து நான்காம் நிலை லீக்குக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து மேலே ஏறும் வழியில், இளம் வீரர்களைக் கொண்டு ஒரு புதிய அணியைக் கட்டியெழுப்பும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. தோற்றாலும் பெரிய இழப்பு இல்லாத அந்த ஆண்டுகளை அவர் வயது முதிர்ந்த, விலை மிகுந்த வீரர்களைக் கொண்டு கடந்துவிட்டார் என்பது என் குற்றச்சாட்டு.

வளவன்

செந்தூரன் ஐயா, "தோற்றாலும் பெரிய இழப்பு இல்லை" என்பதை நான் முற்றாக மறுக்கிறேன். 2012 பிப்ரவரி 14 அன்று அந்தக் கழகம் கடன் நிர்வாகத்தின் கீழ், அதாவது கடனைக் கட்ட முடியாத நிறுவனத்தை வெளி நிர்வாகிகள் நடத்தும் நிலைக்கு, சென்றது; பத்துப் புள்ளிகள் பறிக்கப்பட்டன; கோடையில் பழைய நிறுவனம் கலைப்புக்குப் போனது; சார்ல்ஸ் கிரீன் தலைமையிலான குழு சொத்துகளை 55 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. முதல்நிலை லீக்கின் கழகங்கள் புதிய நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. ஜூலை 13 அன்று கீழ்நிலைக் கழகங்கள் முப்பதில் இருபத்தைந்து வாக்குகளால் அதை மூன்றாம் டிவிஷனுக்கு, அதாவது நாட்டின் நான்காம் நிலைக்கு, அனுப்பின. நெய்ஸ்மித், விட்டேக்கர், மெக்கிரிகர், டேவிஸ், லாஃபர்ட்டி என ஒரு முழு அணியே ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ள மறுத்து வெளியேறியது. செப்டம்பர் முதல் நாளிலிருந்து ஓராண்டுக்குப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடையும் விதிக்கப்பட்டது.

அந்த நிலையில் ஜூலை 29 அன்று பிரெக்கின் சிட்டியின் மைதானத்தில், ஒரு பக்கம் முழுவதும் நீண்ட செடிவேலி நிற்கும் அந்தச் சிறிய களத்தில், ரேஞ்சர்ஸ் தன் புதிய வாழ்வின் முதல் ஆட்டத்தை ஆடியது. கழகத்துக்கு நிபந்தனையுடன் கூடிய உறுப்புரிமை கிடைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூடுதல் நேரத்தில்தான் 2-1 என வென்றார்கள். அணியே இல்லாத மேலாளர் ஒருவரிடம் நீண்டகாலத் திட்டம் எங்கே என்று கேட்பது நியாயமில்லை.

செந்தூரன்

தாங்கள் சொன்ன தடை தொடங்கும் முன், அந்தக் கோடையிலேயே, இயன் பிளாக், டீன் ஷீல்ஸ், சாண்டாசா, டெம்பிள்டன், கெவின் கைல் ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். நான்காம் நிலையில் பெரும்பாலும் பகல் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் ஆட்டக்காரர்கள்தான் எதிரணியில் நின்றார்கள். அப்படியிருந்தும் பீட்டர்ஹெட்டில் கடைசி நிமிடத்துக் கோலால் 2-2, பெர்விக்கில் 1-1, அன்னனில் 0-0, ஸ்டர்லிங் ஆல்பியனிடம் 0-1 தோல்வி என்று போய், வெளியூர் மைதானத்தில் முதல் லீக் வெற்றிக்கு அக்டோபர் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013 மார்ச்சில் அன்னன் அணி ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸுக்கே வந்து 2-1 என வென்றது. இதை எந்தத் தடையும் விளக்கவில்லை. பயிற்சியில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

மங்கையர்க்கரசி

இருவரும் ஒன்றைத் தொடாமல் போகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2012 ஆகஸ்ட் 18 அன்று ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருக்கு எதிரான நான்காம் நிலை ஆட்டத்தைப் பார்க்க ஐப்ராக்ஸில் 49,118 பேர் அமர்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தை அங்கே கொண்டுவந்ததில் மெக்காய்ஸ்ட்டின் முகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிப்ரவரியில் எல்லாம் சரிந்தபோது, தாம் விட்டுவிட்டுப் போகப்போவதில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் பலர் பருவச்சீட்டு வாங்கினார்கள். மேலாளரின் பணியை ஆட்டக்கள உத்தியால் மட்டும் அளந்தால் இந்த ஆண்டுகளைப் புரிந்துகொள்ள முடியாது. தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைக்கவும் அவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் செந்தூரன் சொல்வதில் ஒரு பகுதி எனக்கும் உறுத்துகிறது. லூயிஸ் மெக்லவுட் போன்ற ஒரு பையன் அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்தே வளர்ந்து வந்தான். அவனைப் போல இன்னும் நாலைந்து பேர் தொடர்ந்து ஆடியிருக்கலாம்.

செந்தூரன்

அதைத்தான் நான் எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணியை வைத்துச் சொல்ல வந்தேன். 2013 ஜூனில் ஹார்ட்ஸும் கடன் நிர்வாகத்தின் கீழ் போனது. பதினைந்து புள்ளிகளைப் பறிகொடுத்து, வீரர்களை வாங்கத் தடையோடு ஆடி, 2014இல் கீழிறங்கியது. கேலம் பேட்டர்சன், ஜேமி வாக்கர், சாம் நிக்கல்சன் போன்ற இளைஞர்கள் அந்தத் துன்பத்திலேயே தேர்ந்தார்கள். மறு ஆண்டு ராபி நீல்சனின் கீழ் 91 புள்ளிகளோடு சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் நிலை லீக்கை வென்றார்கள். ரேஞ்சர்ஸ் 67 புள்ளிகளோடு மூன்றாவது இடம்.

வளவன்

ஒப்பீடு பாதிதான் பொருந்துகிறது. ஹார்ட்ஸில் ஆன் பட்ஜ் என்ற ஒரே உரிமையாளர், கிரெய்க் லெவெய்ன் என்ற ஒரே கால்பந்து இயக்குநர், ஒரே திட்டம். ரேஞ்சர்ஸிலோ 2012 டிசம்பரில் பங்கு வெளியீட்டில் சுமார் 2 கோடியே 20 லட்சம் பவுண்டு திரட்டிய நிர்வாகம், 2014 பிப்ரவரியில் 15 லட்சம் பவுண்டு கடன் வாங்கித்தான் நாளைக் கடத்தியது. தலைமை அதிகாரிகள் ஆண்டுக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தார்கள். வீரர்களைத் தேடும் பிரிவு என்று ஒன்று முறையாக இல்லாத இடத்தில், தமக்குத் தெரிந்த முகங்களை மேலாளர் நாடியதில் வியப்பில்லை.

இன்னொன்று. ஹார்ட்ஸின் அணியிலும் ஓஸ்டூர்க், கோமிஸ், முன்னாள் ரேஞ்சர்ஸ் காப்பாளர் நீல் அலெக்சாண்டர் என அனுபவசாலிகள் இருந்தார்கள். வெறும் இளைஞர்களால் வென்றது என்பது பாதிக் கதை. ரேஞ்சர்ஸுக்கோ 2013-14இல் மூன்றாம் நிலையில் 36 ஆட்டங்களில் 33 வெற்றி, 3 சமநிலை, ஒரு தோல்விகூட இல்லை. அதையும் யாரோ ஒருவர் பயிற்றுவித்துத்தான் இருக்க வேண்டும்.

செந்தூரன்

அந்த 36 ஆட்டங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே பருவத்தின் கோப்பை ஆட்டங்களையும் பாருங்கள். ஃபோர்ஃபரிடம் லீக் கோப்பையில் தோல்வி. கீழ்நிலைக் கழகங்களுக்கான சாலஞ்ச் கோப்பை இறுதியில் ரெய்த் ரோவர்ஸிடம் 0-1. ஸ்காட்டிஷ் கோப்பை அரையிறுதியில், தன் சொந்த மைதானமான ஐப்ராக்ஸிலேயே, டண்டீ யுனைடெட்டிடம் 1-3. லீக்கில் எதிரணியைக் காட்டிலும் பல மடங்கு சம்பளச் செலவு இருந்தது என்பதால்தான் அங்கே தோல்வியே வரவில்லை. வலுவான எதிரணி எதிரே நின்றபோதெல்லாம், நீண்ட பந்தை முன்னால் அடித்து உயரமான ஜான் டேலியின் தலையைத் தேடுவதைத் தவிர வேறு வழி அவர்களிடம் தெரியவில்லை. ஒரு முன்கள வீரராக, கோல் வாயில் எங்கே இடம் திறக்கும் என்பதை மற்ற எவரையும்விட முன்பே உணர்ந்தவர், அந்த உணர்வைப் பிறருக்குக் கற்றுத்தரும் முறையைக் கண்டடையவில்லை என்பதே என் வருத்தம்.

மங்கையர்க்கரசி

2014 ஆகஸ்ட் 10 அன்று ஹார்ட்ஸுக்கு எதிரான சாம்பியன்ஷிப் முதல் ஆட்டம் என் நினைவில் நிற்கிறது. ஐப்ராக்ஸில் ரேஞ்சர்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. நிறுத்த நேரத்தில் நிக்கி லா சமன் செய்தார். அரங்கம் இன்னும் கொண்டாடிக்கொண்டிருக்க, ஆட்டம் மீண்டும் தொடங்கிய அடுத்த கணங்களிலேயே ஒஸ்மான் சோ வெற்றிக் கோலை அடித்துவிட்டார். சமநிலை கிடைத்தவுடன் பின்வரிசையை ஒழுங்குபடுத்தும் ஒரு குரல் களத்தில் இல்லை. அந்த ஒன்றை நிர்வாகக் குழப்பத்தின் மேல் போட முடியாது, வளவன். அதே ஆண்டு டிசம்பரில் சாலஞ்ச் கோப்பை அரையிறுதியில் அலோவாவுக்கு எதிராக 2-0 என முன்னிலை பெற்று 2-3 எனத் தோற்றதும் அதே கதைதான்.

வளவன்

அந்த இரு ஆட்டங்களையும் நான் காப்பாற்றப்போவதில்லை. என் வாதம் அவற்றின் மேல் நிற்கவும் இல்லை. அலோவா ஆட்டம் முடிந்த சில நாள்களில் மெக்காய்ஸ்ட் தம் பதவி விலகல் அறிவிப்பைக் கொடுத்தார். டிசம்பர் 21 அன்று அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்தவர்களாலும் அந்தப் பருவத்தில் மேலே ஏற முடியவில்லை. முதல்நிலைக்கு ஏறுவதற்கான தகுதிச் சுற்றின் இறுதியில், இரு ஆட்டங்களையும் சேர்த்து, மதர்வெல்லிடம் மொத்தம் 1-6 எனத் தோற்றார்கள். மெக்லவுட்டை அதே குளிர்காலத்தில் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றது நிர்வாகம். இளைஞர்களை வளர்க்கவில்லை என்று மேலாளரைக் குறை சொல்லும்போது, வளர்ந்து வந்த ஒருவனையும் விற்றது யார் என்பதையும் செந்தூரன் ஐயா சேர்த்தே எழுத வேண்டும்.