ஆயாக்களை ஸ்பெஷல் எஜுகேஷன் படிக்க வைக்க பணம் எங்க கேக்கலாம்?

செல்வி_ராஜபாளையம்:
வணக்கம். டிரஸ்ட் மூலமா சின்னதா ஒரு டே கேர் நடத்துறோம், ஆட்டிசம், சிபி (மூளை முடக்குவாதம்), டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்க வர்றாங்க. ஆயாவா இருக்கிற ரெண்டு பொண்ணுங்க ப்ளஸ் டூ முடிச்சவங்க, பிள்ளைங்க அவங்ககிட்டதான் ஒட்டும், அவங்களை முறையா படிக்க வைக்கணும். பிறந்தநாளுக்கு சாப்பாடு போட ஆள் வருது, ஃபேன் வாங்கி பேர் எழுதித் தர்றாங்க, ட்ரெய்னிங்னு கேட்டா மட்டும் யாரும் பிடி கொடுக்க மாட்டேங்கிறாங்க. படிக்கிற காலத்துல சம்பளமும் போயிடும், அவங்க வீடு எப்படி ஓடும்? வழி சொல்லுங்க.

ஸ்பெஷல்_வாத்தியார்:
கோர்ஸுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இருக்கான்னு பாத்துட்டு ஃபீஸ் கட்டுங்க மேடம், முடிச்சா சிஆர்ஆர் நம்பர், அதாவது அவங்க மத்தியப் பதிவேட்டுல பதிவு எண் வரணும், அது இல்லாம ஸ்பெஷல் டீச்சரா பதிவு கிடையாது. டி.எட் ஸ்பெஷல் எஜுகேஷன் 2 வருஷம், அதுக்கு ஒருத்தரை அனுப்புங்க. இன்னொருத்தருக்கு சிபிஐடி கோர்ஸ் (ஊர்ல இருந்தே மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுற பணியாளர்களுக்கான படிப்பு), 2021ல ஆர்சிஐ மெல்போர்ன் யுனிவர்சிட்டியோட சேர்ந்து கொண்டு வந்தது, 6 மாசம்தான். சென்னை பக்கம் முட்டுக்காட்டுல இருக்கிற நிப்மெட்ல (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம்) விசாரிங்க. எஸ்சி, எஸ்டி பொண்ணுங்களா இருந்து குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ளன்னா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பும் (பத்தாவதுக்கு மேல படிக்க அரசு உதவித்தொகை) போட்டுப் பாருங்க.

நிலா_அம்மா:
பணம் தர்றவங்ககிட்ட இதைச் சொல்லுங்க அக்கா. என் பையனுக்கு சிபி. முன்னாடி மடியில படுக்க வச்சுதான் ஊட்டுவோம், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போயி அடிக்கடி நெஞ்சுச்சளி, ஆஸ்பத்திரி. நிமிர்த்தி உக்கார வச்சு, தலை பின்னால சாயாம பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும்னு சொல்லித் தந்தது ட்ரெய்னிங் முடிச்ச ஒரு டீச்சர். வலிப்பு வந்தா இன்னமும் கையில சாவியைத்தான் திணிக்கிறாங்க, அதை விட்டுட்டு ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னு எத்தனை பேருக்குத் தெரியும்? பாசம் மட்டும் இருந்தா பத்தாதுக்கா.

கணேஷ்_சிவகாசி:
கம்பெனிகள் சமூக சேவைக்கு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணத்தைக் கேளுங்க. கம்பெனிகள் சட்டம் 2013, ஷெட்யூல் 7லயே சிறப்புக் கல்வி இருக்கு. டிரஸ்ட்டுக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவும், சிஎஸ்ஆர் பணம் வாங்குறதுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் இருக்கணும். ஃபீஸை காலேஜுக்கே நேரா கட்டச் சொல்லுங்க. முக்கியமா, அந்தப் பொண்ணோட மாசச் சம்பளத்தையும், பதிலுக்கு வர்ற ஆளோட சம்பளத்தையும் தனித்தனி வரியா பட்ஜெட்ல போடுங்க, கூச்சப்பட்டு விட்டுடாதீங்க, இது இல்லாமத்தான் நிறைய பேர் பாதியில நிக்கிறாங்க. படிச்சு முடிச்சா இங்கதான் வேலை பாக்கணும்னு பாண்டு எழுதி வாங்காதீங்க, படிச்சதுக்குத் தகுந்த சம்பளம் கொடுத்தா இருப்பாங்க.

செல்வி_ராஜபாளையம்:
ரொம்ப நன்றி. சிஎஸ்ஆர்-1 எங்களுக்கு இல்ல, ஆடிட்டர்கிட்ட நாளைக்கே கேக்குறேன். நிலா அம்மா, நீங்க எழுதினதை அப்படியே ப்ரொபோசல்ல சேத்துக்கலாமா?