பலகை வீட்டை முழுக்க இடிக்கணுமா? சிமெண்டைக் குறைக்க வழி சொல்லுங்கள்

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் வீடு பாதிக் கல், பாதிப் பலகை. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர், மேலே பலகை, அதுக்கு மேலே தகரம். 1987இல் தோட்டத்தை விட்டு வந்தபோது சேமநிதிப் பணத்தில் அப்பா கட்டினார். பலகையில் பாதி, தோட்டத்தில் இடித்த லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) லோரியில் ஏற்றி வந்தது. சாமி மேடைக்குப் பின்னால் ஒரு பலகையில் வெள்ளைச் சாயத்தில் "14" என்று இன்னமும் தெரியும். நாங்கள் 14இல் இருந்ததே இல்லை. யார் வீட்டுப் பலகையோ!

இப்போது பின்கட்டு ஒழுகுகிறது, அடுப்படியில் கரையான். பார்க்க வந்த கொண்டிராக்டர் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. "எல்லாத்தையும் தட்டிட்டு முழுக் கல்லு வீடா கட்டிரலாங்கா" என்றார். அன்றிலிருந்து அம்மா அவருக்குத் தேநீர் கொடுப்பதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஈப்போ போகும்போதெல்லாம் காந்தான் மலை கண்ணில் படும். அந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டாகி மூட்டையில் வருகிறது. உலகத்தில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டுக் கணக்காம். இந்த வீட்டில் எதை விட்டுவைக்கலாம், எதை மாற்றலாம், எங்கே சிமெண்டைக் குறைக்கலாம்? கையில் 60,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது.

ஓய்வுபெற்ற மேஸ்திரி, சித்தியவான்

தங்கச்சி, கொண்டிராக்டரை விடு. ஒரு திருப்புளியை எடுத்துக்கிட்டுப் போய் ஒவ்வொரு தூணையும் அடியில் குத்திப் பாரு. "டக்"குனு நின்னா மரம் நல்லாருக்கு. பொதபொதன்னு இறங்கினா அந்த இடம் போச்சு. கரையான் அரிச்சது பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள்ளதான் இருக்கும். கெட்டதை மட்டும் அறுத்துட்டு, அடியில் சிமெண்டுக் கட்டை கொடுத்துத் தூணைத் தரைக்கு மேல நிறுத்து. அறுக்கும் முன்னாடி உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க மறந்துடாதே.

லயத்துப் பலகையில் செங்கால் இருந்தா உனக்கு அதிர்ஷ்டம். கெட்டி மரம் ஒண்ணைச் சொல்றேன், செங்கல்லை இல்ல. இந்த ரெண்டு பேரால கடையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

செங்கல் சுவரை நிற்கிற இடத்திலேயே விடு. சுண்ணாம்புக் கலவையில் கட்டியிருந்தா கல்லு முழுசா கழன்டு வரும். 87ன்னா சிமெண்டாத்தான் இருக்கும், உடைச்சா கல்லும் சேர்ந்து பிஞ்சிடும். தரையும் அப்படித்தான். வெடிப்பு இருந்தா அடைச்சிட்டு மேலே ஓடு போடு. அதுக்கான சிமெண்டு 87லேயே வெந்து முடிஞ்சாச்சு, மறுபடி எதுக்கு ஒரு தடவை?

கான்கிரீட் ஆய்வகத்துத் தம்பி

அக்கா, சூளைக்கு எரிபொருள் எரிப்பதால் வரும் புகை பாதிக் கணக்குக்கும் குறைவு. மீதி அந்தக் கல்லிலிருந்தே வருவது. சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது, ஒரு டன் சுத்தமான கல்லுக்கு 440 கிலோ கரியமில வாயு பறந்துவிடும். எதை வைத்துச் சூடேற்றினாலும் இது வந்தே தீரும். அதனால் கிளிங்கர், அதாவது அந்தக் கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் கட்டி, குறைவான சிமெண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

மூட்டையில் அச்சடித்திருக்கும். "செம் 1" என்றால் ஏறக்குறைய முழுக் கிளிங்கர், 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 40 கிலோ கரியமில வாயு. "செம் 2" என்றால் அரைத்த சுண்ணாம்புக்கல்லோ நிலக்கரிச் சாம்பலோ கலந்தது. பூச்சு வேலைக்கும் சின்னக் கட்டைகளுக்கும் தாராளமாகப் போதும். சாம்பல் கலந்தது மெதுவாகத்தான் இறுகும், ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு நனைக்கணும். நம் ஆட்கள் மறுநாளே அச்சுப் பலகையைக் கழற்றிவிட்டு, பிறகு சிமெண்டைக் குறை சொல்வார்கள்.

பால்மரம்

கித்தா (ரப்பர்) மரத்தை 25, 30 வருசத்துக்கு ஒரு தடவை எப்படியும் வெட்டுறாங்களே, புதுப் பலகைக்கு அது ஆகாதா?

ஓய்வுபெற்ற மேஸ்திரி, சித்தியவான்

அலமாரி, கட்டில், உள் தடுப்புக்கு ஆகும். அதுவும் போரோன் மருந்து ஏத்தினதா இருக்கணும். பச்சையா விட்டா சில நாள்லயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும், பின்னாடியே வண்டு வரும். மழை படுற சுவருக்கு வேண்டவே வேண்டாம்.

தங்கச்சி, இன்னொன்னு. கூரையில் சாம்பல் நிறத்தில் அலை அலையா, கெட்டியா தகடு இருந்தா தொடாதே. பழைய ஆஸ்பெஸ்டோஸா இருக்கலாம். உடைச்சா தூசு நுரையீரலுக்குப் போகும். அது ஆபத்துக் கழிவுப் பட்டியலில் இருக்கு, தெரிஞ்ச ஆளை வெச்சுத்தான் இறக்கணும்.

தோட்டத்து மகள்

குத்திப் பார்த்தேன் அண்ணே. பதினொரு தூணில் மூன்றுதான் போச்சு, மூன்றும் அடுப்படிப் பக்கம். "14" பலகையில் திருப்புளி இறங்கவே இல்லை. தூணும் தகரமும் மட்டும் தனியாக விலை போட்டுத் தரச் சொன்னேன். கொண்டிராக்டருக்கு முகமே இல்லை, ஆனாலும் எழுதிக்கொண்டு போனார்.

நீங்கள் சொன்ன சாம்பல் தகடு குளியலறைக்கு மேல் நான்கு இருக்கிறது. தொடவில்லை. பேராக் பக்கம் அதை இறக்குகிறவர் யாரையாவது தெரியுமா?