முன்கண்ணாடியின் உயரம்: வெட்டுவதா, உயர்த்துவதா?

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை வேலைக்காக அடிக்கடி மோட்டார் சைக்கிளில் போகிறேன். பல்சர் 150. என் உயரம் 5 அடி 10 அங்குலம். சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் தனியாக வாங்கி ஒரு முன்கண்ணாடி பொருத்தினேன். நெஞ்சில் காற்று அடிப்பது நின்றது. ஆனால் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டினால் தலைக்கவசம் விடாமல் அதிர்கிறது. கல்முனை வருவதற்குள் கழுத்து வலி, காதில் இரைச்சல். கச்சான் காற்று பக்கவாட்டில் வீசும் நாட்களில் தாங்கவே முடியவில்லை.

கண்ணாடியின் மேல்விளிம்பு என் தாடைக்கு நேராக நிற்கிறது. முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தேன், தலைக்கவசத்தையும் மாற்றினேன், பயனில்லை. கண்ணாடியைக் கழற்றினால் அதிர்வு இல்லை. குனிந்து ஓட்டினாலும், கால்தாங்கியில் சற்று எழுந்து நின்றாலும் அதிர்வு அடங்குகிறது. ஆகவே விளிம்பைத் தாண்டி வரும் குழம்பிய காற்றுதான் தலையில் மோதுகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

கண் மட்டத்துக்கு மேல் வரும் உயரமான கண்ணாடி போட்டால் அதன் ஊடாகத்தான் பாதையைப் பார்க்க வேண்டிவரும். மாரி மழையில், இரவில், எதிரே பஸ் வெளிச்சம் அடிக்கும்போது அது ஆபத்து; வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் உயரமுள்ளவர்கள் சொல்லுங்கள்: இதை இரண்டு அங்குலம் வெட்டிக் குறைப்பதா, விளிம்பு மூக்கு மட்டத்துக்கு வரும் கண்ணாடியாக மாற்றுவதா?